முறிப்பான் சொல்லும் செய்தி

பொத்தானை அழுத்திய நொடியில் சுழலத் தொடங்கி, மாலை வரையில் ஓயாது உழைக்கும் இயந்திரம் மின்மோட்டார். ஆலையிலே நூல் நூற்கவும், கழனியிலே நீர் இறைக்கவும், அரிசி ஆலையிலே நெல் அரைக்கவும் அது உதவுகிறது. கோவை நகருக்கும் மின்மோட்டாருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நீலகிரியிலுள்ள பைக்காரா மின்நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் அந்நகரிலேயே மின்மோட்டார் உருவாயிற்று. இத்துணைப் பயனுள்ள மோட்டார் ஒருநாள் காலையில் சுழல மறுத்தால் நாம் செய்ய வேண்டுவது யாது? அதனை இப்பாடத்தில் காண்போம்.

நூற்பாலை ஒன்றில் பஞ்சு அடிக்கும் பகுதியை மனக்கண்முன் கொணர்வோம். அங்குப் பறக்கும் தூசியை ஒரு விசிறி வெளியே இழுத்துத் தள்ளுகிறது. அவ்விசிறியைச் சுழற்றுவது ஐந்து குதிரைத்திறனுள்ள மும்முனை மோட்டார். காலை வேலை தொடங்குகிறது. பயிற்சிக்கு வந்த இளைஞன் பொத்தானை அழுத்துகிறான். மோட்டார் முனகுகிறது, ஆனால், சுழலவில்லை. சில நொடிகளில் 'டக்' என்னும் ஓசையுடன் சுற்று முறிப்பான் விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. தொழிலாளர் 'பிரேக்கர்' என்று வழங்குவது இதனையே. இளைஞன் அதனை மேலேற்றிப் பொத்தானை மீண்டும் அழுத்துகிறான். மீண்டும் அதே முனகல், அதே ஓசை.

"ஐயா, முறிப்பான் பழுதாகிவிட்டது போலும். இதனை எடுத்துவிட்டு இன்னும் பெரியதாக ஒன்றைப் பொருத்திவிடலாமா?" என்று அவன் மூத்த மின்பணியாளரை வினவுகிறான்.

"வேண்டாம், தம்பி. நாய் குரைக்கிறது என்பதற்காக அதனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பாரும் உண்டோ? அஃது எதனைக் கண்டு குரைத்தது என்று முதலில் பார்ப்போம்" என்கிறார் அவர்.

அவர் கூற்றின் பொருளை உணர்வதற்கு, மோட்டார் சுழலத் தொடங்கும் முறையை அறிதல் வேண்டும். மோட்டாரின் வெளிப்பகுதி அசையாதது. அதில் கம்பிச் சுருள்கள் உள்ளன. உட்பகுதி சுழல்வது, அதில் உலோகத் தண்டுகள் ஒரு கூண்டுபோல அமைந்துள்ளன. மும்முனை மின்சாரத்தின் மூன்று அலைகளும் ஒரே காலத்தில் உச்சத்தை அடைவன அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக அடைவன. ஆதலின், சுருள்களில் தோன்றும் காந்தப்புலம் வட்டமாகச் சுழல்கிறது. அப்புலம் கூண்டின் தண்டுகளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. தூண்டப்பெற்ற மின்சாரத்தால் கூண்டும் காந்தமாகி, சுழலும் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

கூண்டு நிற்கும்பொழுது புலம் அதனை முழு வேகத்தில் கடந்து செல்கிறது. ஆகவே, அப்பொழுது தூண்டல் மிகுதி. மோட்டார் எடுக்கும் மின்சாரமும் மிகுதி. கூண்டின் வேகம் ஏற ஏற இரண்டும் குறைகின்றன. நாம் கூறிய மோட்டார், 415 வோல்ட்டு மின்னழுத்தத்தில் முழுச் சுமையோடு ஓடும்பொழுது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்திலோ அதனைப்போல் ஆறு மடங்கு, அஃதாவது 45 ஆம்பியர் அளவிற்கு எடுக்கும். நலமுள்ள மோட்டாரில் இப்பெருக்குச் சில நொடிகளில் அடங்கிவிடும்.

முறிப்பான் இப்பெருக்கை எவ்வாறு பொறுத்துக்கொள்கிறது? அதனுள் இரு காவலர் இருப்பதாகக் கொள்ளலாம். ஒருவன் பொறுமையுள்ளவன். அவன் இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. மிகையான மின்சாரம் நீடித்தால், வெப்பத்தால் ஓர் உலோகம் மற்றதைவிட மிகுதியாக நீளும். தகடு வளைந்து சுற்றை முறிக்கும். மற்றவன் சிறிதும் பொறாதவன். அவன் மின்காந்தச் சுருள். எல்லை கடந்த மின்சாரம் பாய்ந்தவுடனே அவன் சுற்றை முறிப்பான். ஆதலின், 'முறிப்பான் விழுந்தது' என்று கூறுவதோடு நின்றுவிடலாகாது. 'எப்பொழுது விழுந்தது?' என்று வினவ வேண்டும். பழுதை நாடுவோர்க்கு அவ்வினாவே வழிகாட்டி.

பொத்தானை அழுத்திய கணத்திலேயே விழுந்தால், சுருள்களின் காப்பு கெட்டிருக்கலாம். கம்பிகள் ஒன்றோடொன்றோ, மோட்டாரின் இரும்பு உடலோடோ தொட்டுக்கொண்டிருக்கலாம். மழைக்காலத்தில் நெடுநாள் ஓடாது கிடந்த மோட்டாரில் ஈரம் ஏறிக் காப்புத் தளர்வதும் உண்டு. இத்தகைய மோட்டாரின் உடலைத் தொடுவது உயிருக்கே இறுதியாகலாம். முறிப்பானின் வகை பொருந்தாமையும் ஒரு காரணமாகக்கூடும். 'பி' வகை முறிப்பான் தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கிலும், 'டி' வகை 10 முதல் 20 மடங்கிலும் விழும். 10 ஆம்பியர் அளவுள்ள 'பி' வகையை நம் மோட்டாருக்கு வைத்தால், பழுது ஒன்றும் இன்றியே அது விழக்கூடும். அப்பொழுது மாற்ற வேண்டுவது வகையே, அளவன்று. அதுவும் ஏனையவற்றைச் சோதித்த பின்னரே செய்யத்தக்கது.

சில நொடிகள் கழித்து விழுந்தால், தொடக்கப் பெருக்கு அடங்கவில்லை என்பது பொருள். பேரிங் இறுகியிருக்கலாம், விசிறியில் ஏதேனும் சிக்கியிருக்கலாம், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம். அழுத்தம் நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால், சுழற்றும் விசை நூற்றுக்கு அறுபத்து நான்காகக் குறைந்துவிடும். மும்முனைகளுள் ஒன்று அற்றுப்போயிருத்தலும் கூடும்.

பெரிய மோட்டார்களுக்கு 'ஸ்டார் டெல்ட்டா' என்னும் தொடக்கி உண்டு. அது முதலில் மின்சாரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுத்துப் பின்னர் முழு அளவிற்கு மாற்றும். அம்மாற்றத்தின்போது முறிப்பான் விழுந்தால், வேகம் ஏறுமுன்னரே மாற்றம் நிகழ்கிறதா, கம்பிகள் முறையாக இணைக்கப்பட்டுள்ளனவா என ஆராய்தல் வேண்டும்.

இனி, நம் ஆலைக்குத் திரும்புவோம். மூத்தவர் முதலில் முறிப்பானுக்கு வந்து சேரும் மும்முனைகளையும் அளந்து பார்த்தார். எந்த இரு முனைகளுக்கு இடையிலும் 415 வோல்ட்டு இருந்தது. பின்னர் முதன்மை விசையை நிறுத்திப் பூட்டினார். சாவியைத் தம் பையில் இட்டுக்கொண்டார். 'ஆள் வேலை செய்கிறார். விசையைப் போடாதே' என்னும் அட்டையைத் தொங்கவிட்டார். மின்சாரம் அறவே இல்லை என்பதை மானியால் உறுதி செய்துகொண்டார். அதன் பின்னரே மோட்டாரின் அருகில் சென்றார்.

"தம்பி, அச்சைக் கையால் சுழற்று" என்றார். அச்சு தடையின்றிச் சுழன்றது. ஆகவே, பேரிங்கிலும் விசிறியிலும் குறை இல்லை. மோட்டாரின் இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டு 'மெக்கர்' கருவியால் காப்பைச் சோதித்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் இருத்தல் வேண்டும். அதனினும் பன்மடங்கு இருந்தது. மூன்று சுருள்களின் தடையையும் அளந்தார். மூன்றும் ஒத்திருந்தன. மோட்டாரும் நலமே! எஞ்சியது தொடக்கி ஒன்றே. அதன் தொடுமுனைகளை அழுத்திச் சேர்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரண்டு சேர்ந்தன, மூன்றாவது சேரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தபொழுது, அம்மூன்றாம் தொடுமுனை கருகித் தேய்ந்திருந்தது.

"மோட்டார் முனகியதன் காரணம் இதுதான். ஒரு முனை அற்றால் புலம் சுழலாது. ஓரிடத்திலேயே எழுந்து எழுந்து அடங்கும். இரு பக்கமும் சமமாக இழுக்கப்படும் தேர் நகருமோ? ஆயினும், இழுப்பவர் களைப்பு மட்டும் குறையாது. அவ்வாறே மோட்டாரும் நின்றபடியே பெருமின்சாரத்தை உண்டு சூடேறிக்கொண்டிருந்தது. பொறுமையுள்ள காவலன் அதனைக் கண்டு சுற்றை முறித்தான். நீ மீண்டும் பொத்தானை அழுத்தியபொழுது அச்சூடு மேலும் ஏறிற்று. பெரிய முறிப்பானைப் பொருத்தியிருந்தால், அது வாளா இருந்திருக்கும், சுருள் வெந்திருக்கும். சுற்றிலும் பறப்பதோ பஞ்சுத் தூசி. ஒரு தீப்பொறி போதும், தம்பி. இங்கு நிற்கும் அத்தனை பேர் நிலையும் என்னாகும்?" என்றார் மூத்தவர்.

இளைஞன் மறுமொழி கூறவில்லை. பழைய தொடுமுனைகளை எடுத்துவிட்டுப் புதியன பொருத்தினர். கம்பிகளை முறைப்படி இணைத்தனர். பூட்டு நீங்கியது. பொத்தானை அழுத்தியதும் விசிறி வேகம் கொண்டு சுழன்றது. மூன்று முனைகளிலும் செல்லும் மின்சாரத்தை மூத்தவர் அளந்தார். மூன்றும் ஏறத்தாழ ஒத்திருந்தன. மாற்றுவதற்கு அந்த இளைஞன் துணிந்த முறிப்பான், மாறாமல் தன் இடத்திலேயே இருந்தது.

மாணவர்களே! தடுக்கின்ற ஒன்றைத் தடை என்று எண்ணி அகற்ற முற்படுவது எளிது. அது தடுப்பதன் காரணத்தைப் பொறுமையோடு நாடுவதே அறிவுடைமை. மின்சாரத்தைக் கையாளுதல் பயிற்சி பெற்றோர் தொழில். பயிற்சியில்லாதார் அதனைத் தொடலாகாது. எனினும், முறிப்பான் விழுந்தவுடன் அதனைப் பன்முறை மேலேற்றாமல், 'எப்பொழுது விழுந்தது? ஏன் விழுந்தது?' என்று கேட்கும் பழக்கம் நம் அனைவருக்கும் வேண்டும். அவ்வினாக்களால் ஒரு மோட்டார் பிழைக்கும். ஒருகால் ஓர் உயிரும் பிழைக்கும்.