ஜெனோவாவின் லான்டெர்னா

இத்தாலியின் வடமேற்குக் கரையில் உள்ள ஜெனோவாத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கத்துக்கு லான்டெர்னா என்று பெயர். கோபுரம் ஏறத்தாழ 77 மீட்டர் உயரம். அதைத் தாங்கும் பாறை 40 மீட்டர். இரண்டும் சேர்ந்து விளக்கைக் கடல்மட்டத்திலிருந்து 117 மீட்டருக்குத் தூக்கி நிறுத்துகின்றன. பூமி உருண்டை என்பதால், தாழ்வான விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் விரைவிலேயே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 117 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 39 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கப்பல் தளத்தில் நிற்பவருக்கு அதற்கும் அப்பாலிருந்தே ஒளி தெரியும்.

இங்கே முதல் கோபுரம் எழுந்த ஆண்டாக மரபில் சொல்லப்படுவது 1128. அன்று உச்சியில் எரிந்தது சுள்ளி விறகு. 14ஆம் நூற்றாண்டில் ஆலிவ் எண்ணெய் விளக்கு வந்தது. 1449இல் இதன் காவலராக இருந்தவர் அந்தோனியோ கொலம்போ. கிறிஸ்டோபர் கொலம்பஸின் தந்தையுடன் பிறந்தவர் என்று கருதப்படுபவர்.

விளக்கு போரிலும் அடிபட்டது. பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயி 1507இல் இதன் அடிவாரத்தில் ஒரு கோட்டை கட்டினார். அதிலிருந்த பிரெஞ்சுப் படையை விரட்ட ஜெனோவா நடத்திய முற்றுகையில், நகரத்தின் சொந்தக் கோபுரமே பாதி சிதைந்தது. அந்தச் சிதைவு முப்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சதுரப் பகுதிகள் கொண்ட இப்போதைய வடிவம் 1543இல் கட்டப்பட்டது. கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை, நகரின் சின்னம்.

இடி அடிக்கடி விழுந்த கோபுரம் இது. 1778இல்தான் இடிதாங்கி பொருத்தப்பட்டது.

விளக்கின் வரலாற்றில் ஆகப்பெரிய மாற்றம் 1841இல் வந்த பிரெனெல் லென்ஸ். சுடரின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். வானத்துக்கும் தரைக்கும் போவது மாலுமிக்குப் பயன்படாது. சுடரைச் சுற்றி அடுக்கிய கண்ணாடி வளையங்கள் அந்த வீணாகும் ஒளியை வளைத்துக் கடலை நோக்கிக் கிடைமட்டக் கற்றையாகத் திருப்புகின்றன. ஒரே பெரிய லென்ஸாக வார்த்தால் தாங்க முடியாத எடை வரும். வளையங்களாகப் பிரித்ததில்தான் இந்த வடிவமைப்பின் மேதைமை. 1936இல் மின்விளக்கு வந்தது.

லான்டெர்னா 20 விநாடிக்கு இருமுறை ஒளிர்கிறது. அந்த இடைவெளியைக் கணக்கிட்டுக் கடல் வரைபடத்தோடு ஒப்பிட்டால், தெரிவது எந்த விளக்கு என்று மாலுமி உறுதிசெய்துகொள்ளலாம்.

கோபுரத்துக்குப் பின்னாலிருந்த சான் பெனிக்னோ குன்று 20ஆம் நூற்றாண்டில் துறைமுக விரிவாக்கத்துக்காக வெட்டி எடுக்கப்பட்டது. கோபுரத்தில் பார்வையாளர்கள் 172 படிகள் ஏறி முதல் மாடம் வரை போகலாம். அதற்கு மேலே உள்ள விளக்கு இத்தாலியக் கடற்படையின் பொறுப்பில் இயங்குகிறது.