சீமையில் முதல் வாரம்

பிள்ளையைச் சீமைக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் அவன் பெறப் போகும் பட்டத்தைப் பற்றிப் பேசுவர். அதனால் கிட்டும் உத்தியோகத்தைப் பற்றிப் பேசுவர். வாங்கிய கடனைப் பற்றிக் கவலையும் கொள்வர். ஆனால் அப்பிள்ளை அந்நிய மண்ணில் கால் வைத்தபின் முதல் ஏழு நாட்களை எவ்வாறு கழிப்பான் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. மூன்று வருஷப் படிப்பில் ஏழு நாள் எம்மாத்திரம் என்று சிலர் கேட்கலாம். அந்த ஏழு நாளில் மனம் ஒடியாதிருந்தாலன்றோ மூன்று வருஷம் என்பதே நமது பதில். இதற்கு நாம் காட்டும் திருஷ்டாந்தம் மகாத்மா காந்தியின் முதல் வாரமாகும். அவர் தமது சுயசரிதையில் அதை ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய காந்திக்கு அப்பொழுது வயது 18. வீட்டில் தாயாரும், இளம் மனைவியும், சில மாதக் குழந்தையும் இருந்தனர். மதுவையும் மாமிசத்தையும் பெண்களையும் தீண்டுவதில்லை என்று தாயார் முன்னிலையில் சபதம் செய்திருந்தார். கடல் கடப்பது பாவம் என்று கூறிப் பம்பாயிலிருந்த அவருடைய ஜாதித் தலைவர்கள் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அவருக்கு உதவி புரிகிறவருக்கும் வழியனுப்பத் துறைமுகம் செல்கிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் விதித்தார்கள். பிரயாணச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய உறவினர் ஜாதிக்கு அஞ்சிக் கைவிரித்துவிட்டதால், ஒரு நண்பரிடம் கடன் வாங்கியே புறப்பட நேர்ந்தது. வாசகர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். திரும்பி வரும் வழியை அடைத்துக்கொண்டு புறப்பட்ட வாலிபன் அவர்.

கரையிறங்கும் தினத்தில் அணிவதற்கென்றே ஒரு வெள்ளைக் கம்பளி உடுப்பை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அதை அணிந்து இறங்கியபோது, அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வெள்ளுடை தரித்தவர் தம்மைத் தவிர ஒருவருமில்லை என்று கண்டு நாணினார். உடை மாற்றலாமென்றால், பெட்டிகளையும் சாவிகளையும் மற்றப் பிரயாணிகளைப் போலவே ஏஜண்டுகளிடம் ஒப்படைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமைக்கு முன் அவை கைக்கு வாரா. இதைக் கேட்டு அவருக்கு உண்டான எரிச்சல் கொஞ்சமல்ல.

அன்றிரவு அவரைக் காண டாக்டர் பிராணஜீவன் மேத்தா விக்டோரியா ஹோட்டலுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கையில் காந்தி அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மென்மை எப்படியிருக்கிறதென்று பார்ப்பதற்காகத் தவறான பக்கமாகத் தடவிவிட்டார். மேத்தா சற்றுக் கோபமாகப் பார்த்தார். பின்னர் சீமை நடையின் முதற்பாடத்தைத் தொடங்கினார்: பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே நம் நாட்டில் கேட்பது போலக் கேள்விகள் கேட்காதே, உரக்கப் பேசாதே, எல்லோரையும் ‘ஸர்’ என்று விளிக்காதே, இங்கே வேலைக்காரர்தான் எஜமானரை அவ்வாறு அழைப்பர். எந்தப் பாடப்புத்தகத்திலும் காணாத பாடம் இது. ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலன்றி எவருக்கும் இது தெரியாது.

ஹோட்டலில் அவருக்கு எந்த உணவும் பிடிக்கவில்லை. ஒன்று பிடிக்காமல் இன்னொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் பணம். பம்பாயிலிருந்து கொண்டுவந்த பண்டங்களைக் கொண்டே பசியாறினார். பட்டினி கிடந்தும் 3 பவுன் பில் கொடுத்துவிட்டு, வேறு அறைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 2-ந் தேதி, அவருக்கு 19 வயது நிறைந்தது.

இவையெல்லாம் பகலின் கஷ்டங்கள். இரவில் தாயின் அன்பு நினைவுக்கு வரும், கண்ணீர் கன்னங்களில் வழியும், உறக்கம் வராது. எவரிடமும் அதைச் சொல்ல இயலாது. சொன்னாலும் பயன் என்ன என்று தோன்றும். இங்கிலாந்தைச் சகிக்கவும் முடியவில்லை. இந்தியாவுக்குத் திரும்புவதென்ற பேச்சுக்கும் இடமில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற அந்த உள்ளம் ஒரு வாடகை அறையில் தனியே அழுதிருக்கிறது. ஆகவே, இன்று அழும் மாணவனைக் கோழை என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

அவரைக் காப்பாற்றியது எது? மன உறுதி என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மையே. மறுபாதி, தேடி வந்த ஒரு மனிதர். திங்கட்கிழமை மேத்தா ஹோட்டலுக்குச் சென்று, காந்தி அங்கில்லை என்றறிந்து, புதிய விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார், தலையை அசைத்தார், இவ்விடம் உதவாது என்றார். ரிச்மண்டிலிருந்த ஒரு நண்பருடன் வசிக்க ஏற்பாடு செய்தார். அந்நண்பரோ காந்தியைச் சொந்தத் தம்பியாகப் பாவித்தார். பிற்காலத்தில் ரங்கூனில் வாழ்ந்த மேத்தா, காந்தியின் ஆசிரமங்களுக்குப் பொருளுதவி செய்த ஆயுட்கால நண்பரானார் என்பது சரித்திரம்.

நமது ராமானுஜன் விஷயத்தையும் பாருங்கள். 1914-ம் வருஷம் ஏப்ரலில் அவர் இங்கிலாந்தில் இறங்கியபோது, பேராசிரியர் நெவில் நேரில் வந்து அழைத்துச் சென்று தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். வரவேற்பில் குறைவில்லை. எனினும் பின்னர் கேம்பிரிட்ஜில் ஒரு குளிர் நாளில் அவரைக் காணச் சென்ற மகாலநோபிஸ், இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று விசாரித்தார். ராமானுஜனோ மேல்கோட்டுடனும் சால்வையுடனும் படுத்தும் குளிருகிறது என்றார். படுக்கையில் கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதைத்தான் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை! உலகம் வியந்த கணித மேதைக்கும் கம்பளியை விலக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இன்று ஆகாய விமானம் ஒரே நாளில் கொண்டு சேர்க்கிறது. தாயின் முகத்தைக் கைக்கருவியிலேயே காண முடிகிறது. ஆனால் நள்ளிரவின் தனிமை மாறிவிட்டதென்று நாம் நம்பவில்லை. தாயின் முகம் எதிரே தெரிவதாலேயே சிரித்துப் பேசிவிட்டுப் பிறகு அழுகிற பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள். வீடு அடமானத்தில் இருக்கையில், “எனக்கு இங்கே பிடிக்கவில்லை” என்று எந்தப் பிள்ளைதான் சொல்லத் துணியும்? அன்று ஜாதிக்கட்டு அடைத்த வழியை இன்று கடன் அடைத்து நிற்கிறது.

காந்தியோ தாம் பட்டதை மறந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்கா சென்றபின், லண்டனுக்குப் படிக்க வருவோருக்கென ஒரு வழிகாட்டி நூலை எழுதினார். என்ன உடுப்பது, எங்கே தங்குவது, வாரம் ஒரு பவுனில் எப்படி வாழ்வது என்றெல்லாம் அதில் விவரித்தார். அந்நூல் அப்பொழுது அச்சேறவில்லை. எனினும், முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குப் பட்ட கடனை அவர் உணர்ந்திருந்தார்.

அந்தக் கடனையே நாம் வற்புறுத்துகிறோம். வெளிநாட்டில் முன்பே வாழும் நம்மவர், புதிதாக வரும் மாணவனை முதல் நாள் வரவேற்பதோடு நில்லாமல், மூன்றாம் நாளும் அவன் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பெற்றோர், “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு, “சிரமமாக இருந்தால் மறைக்காதே” என்றும் சொல்லியனுப்ப வேண்டும். மாணவனும் தெரியாததைக் கேட்க வெட்கப்படலாகாது. கேட்பதற்கு ஒரு மனிதரும் சொல்வதற்கு ஒரு காதும் இருந்தால் முதல் வாரம் கடந்துவிடும். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.