காகம் ஊறப்போட்ட வடை

மே மாதம், பகல் பன்னிரண்டரை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் ஒரு சாண்கூடத் தேறாது. அதற்குள் ஒண்டிக்கொண்டு ஒரு காகம் உட்கார்ந்திருக்கிறது. அலகு திறந்தபடி, இறக்கைகள் உடம்பை விட்டுச் சற்றே விலகியபடி. கரையக்கூட இல்லை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக விட்டுத்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். அப்படிச் செலவாகும் தண்ணீரை எங்காவது தேடிப் பிடிக்கவும் வேண்டும்.

சென்னைவாசிகளுக்கு இது புரியும். கடற்காற்று நேரத்தோடு உள்ளே வந்தால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதை மறித்து நின்றால் அனல்தான். 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரியைத் தொட்டது. நமக்காவது மின்விசிறி இருக்கிறது.

எல்லாப் பறவைக்கும் ஒரே தாகம் இல்லை. பூச்சி தின்னும் கரிச்சானுக்கும் பழம் தின்னும் குயிலுக்கும் இரையிலேயே ஓரளவு ஈரம் கிடைத்துவிடும். தேன்சிட்டுக்குத் தேன் இருக்கிறது. உலர்ந்த தானியத்தை நம்பியிருக்கும் சிட்டுக்குருவி, மணிப்புறா, சில்லை ஆகியவைதான் தண்ணீருக்கு அலைபவை. குளியல் என்று வந்துவிட்டால் இந்தப் பேதமெல்லாம் மறைந்துவிடும்.

நான் முதலில் வைத்தது ஒரு பிளாஸ்டிக் பேசின். நல்ல ஆழம், வழுக்கும் விளிம்பு. குருவிகள் வந்தன, எட்டிப் பார்த்தன, போய்விட்டன. அதன்பிறகு பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண்தட்டுக்கு மாறினேன். நடுவில் இரண்டு அங்குல ஆழம் இருந்தாலே தாராளம். கால் ஊன்ற ஒரு கல் போட வேண்டும். மண்தட்டில் தண்ணீர் சில்லென்று இருக்கும். வெயிலில் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர்தான் கிடைக்கும்.

காகத்தை மறந்துவிட்டேனே. எங்கிருந்தோ காய்ந்த வடையைக் கொண்டுவந்து தட்டில் ஊறப்போட்டு, பதம் பார்த்துத் தின்னும். சில நாள் மீன்முள், சில நாள் சொல்ல முடியாத வஸ்து. மாலைக்குள் தண்ணீர் நாறிவிடும். அதனால் இப்போது இரண்டு தட்டு: காகத்துக்கு மாடியில், சின்னதுகளுக்குக் கீழே கறிவேப்பிலை மர நிழலில். பூனை பதுங்கும் புதர் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. விருட்டென்று பறந்து ஏற ஒரு கிளை மட்டும் மேலே வேண்டும்.

தட்டை வைப்பவர்கள் பலர், தேய்ப்பவர்கள் சிலர். இந்தச் சூட்டில் கொசுமுட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறுமனே கொட்டி நிரப்பினால் போகாது. தினமும் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு, சோப்பு வேண்டாம்.

அரிசி இறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைப்பிடி அரிசிக்கு முதலில் வருவது மாடப்புறாக் கூட்டம். மற்றவற்றுக்கு இடமே இருக்காது. அவற்றின் எச்சத்தூசு நுரையீரலுக்கும் ஆகாது. மிச்ச மிக்சரைப் போடுவது இன்னும் மோசம், அத்தனையும் உப்பு.

தோட்டத்தைத் துடைத்துவைத்ததுபோல் பெருக்காமல் இருப்பதே நல்ல தீனி. சருகு கிடந்தால் அதன் அடியில் ஈரம் நிற்கும், பூச்சி இருக்கும், புரட்டித் தின்னத் தவிட்டுக்குருவிகள் வரும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டுக் குருவி வரவில்லையே என்பது என்ன நியாயம்? கறிவேப்பிலை பழுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் வரும், முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். ஆனால் கன்று நட இது காலமல்ல, ஐப்பசி மழை வரட்டும்.

மாலை ஐந்து மணிக்குத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக இறங்குகின்றன. ஒன்றையொன்று தள்ளி, திட்டி, தட்டுக்குள் விழுந்து புரள்கின்றன. கலைந்துபோனபின் கலங்கலாக அரை டம்ளர்தான் மிஞ்சியிருக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஒரு செம்பு ஊற்ற வேண்டும்.