அந்த அறுபது சென்றிமீற்றர்

கண்டியிலிருந்து மடவளை வழியாக வத்தேகம வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இது தெரியும். சாரதி சட்டென்று பிரேக் பிடிப்பார். பஸ் நின்றுவிடும், நம் உடல் நிற்காது, முன்னால் நிற்பவர்மேல் போய் விழும். வாகன விபத்தில் உயிர் பறிபோவதும் இதே விதியால்தான்.

ஒரு விபத்துக்குள் மூன்று மோதல்கள் இருக்கின்றன. முதலில் வாகனம் மோதி நிற்கிறது. அடுத்து, அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் உடல் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதுகிறது. உடல் நின்ற பிறகு மூளை மண்டையோட்டில் மோதுகிறது; ஈரலும் மண்ணீரலும் கிழியலாம். வெளியே கீறல்கூட இல்லாத சிலர் பிறகு சரிந்து விழுவது உள்ளே கசியும் இரத்தத்தால்தான்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தப்புவதும் தப்பாததும், உடல் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆசனப்பட்டி, வாகனத்தின் முன்பக்கம் நசுங்கும் தூரத்தையும் சேர்த்து உடலைச் சுமார் 60 சென்றிமீற்றரில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டி இல்லாமல் 6 சென்றிமீற்றரில் நின்றால் விசை பத்து மடங்கு. தலைக்கவசத்தின் நுரையும் நசுங்கி, தலை நிற்கும் தூரத்தைக் கூட்டித் தருகிறது. நாடிப்பட்டி பூட்டாவிட்டால் தலை மோதுமுன்பே கவசம் கழன்றுவிடும்.

இன்றைய மூன்று முனை ஆசனப்பட்டியை 1959இல் வொல்வோ பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வொல்வோ அனுமதித்தது. முன் ஆசனத்தில் இருப்பவரின் மரண அபாயத்தை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையில் முன் ஆசனத்துக்கு அது 2011இல் கட்டாயமானது.

பின் ஆசனத்தில் மடியில் இருக்கும் குழந்தை? அதே 50 கிலோமீற்றர் வேக மோதலில், 60 சென்றிமீற்றருக்குள் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 160 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது.

பஸ்ஸிலும் இதே ஆபத்துதான். 2025 மே 11 அன்று கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற பஸ் கொத்மலையில் பள்ளத்தில் உருண்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளத்தில் உருளும் பஸ்ஸில் பட்டி இல்லாத உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று வீசப்படுகின்றன.

பன்வில பக்கம் ஏறும் வளைவுகளும் அப்படிப்பட்ட மலைப்பாதைதான். வேகம் 40இலிருந்து 60ஆக ஏறினால் மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்காகும். சாரதிகளே, வளைவுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள். பயணிகளே, மிதிபலகையில் தொங்காதீர்கள். பட்டி இருந்தால் பூட்டுங்கள், பின் ஆசனத்திலும்.