கேட்பவர் மனமும் கலங்கும்

உளவியல் ஆலோசனைத் துறையில் சேர விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அடுத்தவர் கதையைக் கேட்டு நமக்கே மனம் உடைந்துவிட்டால் என்ன செய்வது?" என்பதுதான். நல்ல கேள்வி. தம்பதியருக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை வழங்கப் பயிலும்போது நாங்களும் இதற்குத்தான் விடை தேடினோம்.

நான் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். ஒரு வீட்டில் சண்டை என்றால் வரிசை வீடுகள் முழுவதும் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டையில் இருபக்கமும் சமாதானம் பேசும் மூத்த பிள்ளை நான். பயிற்சிக் காலத்தில் ஒரு தம்பதி என் முன் அமர்ந்தார்கள். கணவரின் குரல் உயர்ந்ததுமே என் நெஞ்சு படபடத்தது. மனைவியின் பக்கம் பேசத் துடித்தது மனம். பிறகு என் மேற்பார்வையாளர் கேட்டார்: "அந்த நேரத்தில் உங்களுக்கு எத்தனை வயது?" பத்து என்றேன்.

இது பலவீனம் அன்று. சிக்மண்ட் பிராய்ட் 1910-இலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தம்பதியர் ஆலோசனையில் சிக்கல் இன்னும் கூடுதல். இருவருக்கிடையே இறுக்கம் மிகும்போது மூன்றாமவர் உள்ளே இழுக்கப்படுவார் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன். அந்த மூன்றாமவர் ஆலோசகராகவும் இருக்கலாம். 1967-இல் போவன் சக வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் தம் சொந்தக் குடும்பத்தைப் பற்றியே பேசினார். தன் குடும்பத்தை அறியாதவரால் பிறர் குடும்பத்தில் நிதானமாக நிற்க முடியாது என்பதே காரணம்.

எனவே பயிற்சியில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரைகிறோம். யார் யாருடன் பேசுவதில்லை, யார் இடையில் நிற்கிறார் என்று குறிக்கிறோம். அமர்வின்போது படபடப்பு எழுந்தால், பாதங்களைத் தரையில் ஊன்றி மூச்சை மெதுவாக விடுகிறோம். மனம் யார் பக்கம் சாய்கிறதோ, அடுத்த கேள்வியை மற்றவரிடம் கேட்கிறோம். அமர்வு முடிந்ததும் உணர்ந்ததை எழுதி, மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறோம்.

ஆனால், அடி உதை இருக்கும் வீட்டில் நடுநிலை பேசக்கூடாது. அங்கே பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதலில். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

மாணவர்களே, 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவரே இந்நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். குடும்ப வரைபடத்திற்கோ ஒரு தாளும் பென்சிலும் போதும். அடுத்த விடுமுறையில் பாட்டியிடம் கேட்டு வரையத் தொடங்குங்கள்.