ஏட்டில் ஏறாத மெட்டு

மும்பையின் சீத்தா கேம்ப் கிறிஸ்தவர் வீடுகளில் இருக்கும் பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். மேலே பாட்டு எண், அடுத்து ராகம், தாளம். சிலவற்றுக்கு ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்றொரு வரி. பிறகு பல்லவி, சரணங்கள். ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. ‘செஞ்சுருட்டி, ஆதி’ என்று கண்டதும் பழகியவர் பாடிவிடுவார். பழகாதவருக்கு அந்தப் பக்கம் வெறும் செய்யுள்தான். அங்கே முஸ்லிம் பிள்ளைகள் ஓதும் குர்ஆனிலும் எங்கே நிறுத்தலாம் என்பதற்குக் குறி உண்டு. ஆனால் ஓசையை ஆசிரியரான உஸ்தாத் ஓதிக் காட்டித்தான் பிடிக்க வேண்டும்.

தேவார ஏடுகளும் இப்படித்தான். பதிகத்தின் தலையில் பண்ணின் பெயர், கீழே பாட்டு. மெட்டு, பாடுபவரின் தொண்டையில். அதனால்தான் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான். ஒருவர் இறந்தால் உறவினர் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை நிறுத்த வேண்டும் என்று கல்வெட்டே ஏற்பாடு செய்கிறது. மெட்டைக் காக்க அன்று இருந்த ஒரே வழி, பாடத் தெரிந்தவருக்குச் சோறு போடுவது.

அந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும்? தில்லையில் தேவார ஏடு கிடைத்த பிறகும் பண் தெரியாமல் நின்றார்கள் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்தான் பண்ணமைத்துக் கொடுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்தத்தில் பாறை நிறைய ஸ்வரங்கள்: நான்கு நான்காக, ஏழு பகுதிகளாக, சில எழுத்துகளின் மேல் புள்ளியோடு. பாட்டு வரி இல்லை. ச, சி, சு, சே என்று ஒரே ஸ்வரம் உயிர் மாறி வருவது எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சொல்லித் தர ஆள் இல்லாததால் கல்லும் ஊமையாகிவிட்டது.

ஐரோப்பாவிலும் தொடக்கம் இதுதான். ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மடத்தில் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய ஏட்டில், லத்தீன் வரிகளுக்கு மேலே சிறு வளைவுகளும் கோடுகளும் இருக்கின்றன. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. பெரிய கோயில் எழுந்து சுமார் 15 ஆண்டுகளில், இத்தாலியில் கைடோ என்ற துறவி கோடு போட்டு அதில் ஸ்வரங்களை நிறுத்தினார். பத்தாண்டுப் பாடம் இரண்டாண்டுக்குள் முடியும் என்று அவரே எழுதினார். நம் பக்கம் கமகத்துக்கும் குறி போட்டு, சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் அச்சாயிற்று.

இன்று போனைத் தட்டினால் தருமபுரம் சுவாமிநாதன் தேவாரம் பாடுகிறார். கீர்த்தனைக்கும் யூடியூபில் டிராக் ரெடி. குறியே வேண்டாம், கமகம், மூச்சு எல்லாம் அப்படியே கிடைக்கும். முக்குறுணி நெல்லும் மிச்சம்.

ஆனால் எங்கும் பரப்பப்படும் ஒரே மெட்டு மற்ற மெட்டுகளை ஓரங்கட்டும். ஐரோப்பாவில் பேரரசர் சார்லமேன் தன் ஆட்சியெங்கும் ரோமாபுரிப் பாட்டுமுறை ஒன்றே ஒலிக்க வேண்டுமென்றார். கௌல் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டின் பழைய மெட்டுகள் பெரும்பாலும் போயே போயின. போன் அதையே ஆணையில்லாமல் செய்கிறது. 1976இல் ஜனதா காலனியைக் காலி செய்து சீத்தா கேம்புக்கு வந்த குடும்பங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த இழுப்போடுதான் பாடின. இப்போது பேரப்பிள்ளை டிராக்கைப் போட்டுவிட்டு, “பாட்டி, நீங்க தப்பா பாடுறீங்க” என்கிறான்.

பாட்டி தப்பாகப் பாடவில்லை. அவர் பாடுவது அச்சிலும் இல்லை, டிராக்கிலும் இல்லை. எந்தச் சேனலும் வந்து அதைப் பதியப் போவதில்லை. பேரன் கையில் இருக்கும் போன் போதும்.