சத்தம் பெல்ட்டில், குற்றம் டென்ஷனரில்

காலை ஏழு மணிக்கு ஜாசின் பட்டணத்தில் சாலையோரம் நின்று கேட்டால், ஏதாவது ஒரு பழைய வீராவோ சாகாவோ கத்திக்கொண்டு போகும். ஓட்டுநர் ஏர்கோன் பொத்தானை அழுத்தியதும் “கீ…ச்” என்று இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம். பிறகு அடங்கிவிடும். அவரும் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு போய்விடுவார்.

நானும் அப்படிப் போனவன்தான். என் வீராவுக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை ஏர்கோன் பெல்ட் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் அமைதி, பிறகு பழைய பல்லவி. மூன்றாவது முறை போன பட்டறையில் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி அதையும் நிரப்பி அனுப்பினார்கள். சத்தம் மட்டும் குறையவில்லை. தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாதான் கடைசியில் மெர்லிமாவில் தம் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் ஓடும் பாதையில் இருந்த ஒரு சிறு உருளையை விரலால் சுண்டினார். “கொர கொர” என்றது. உருளை நேராகவும் நிற்கவில்லை, லேசாகத் தலை சாய்த்திருந்தது.

“பெல்ட்டை ஏன்டா திட்டுறே? இதச் சுத்திப் பாரு” என்றார்.

அந்தச் சிறு உருளைதான் டென்ஷனர். ஏர்கோனின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கம்ப்ரசரைச் சொல்வார்கள், கேஸைச் சொல்வார்கள். பெல்ட்டை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் இந்த உருளையைச் சொல்பவர் குறைவு.

இது ஏன் வேண்டும்? கார் ஏர்கோனின் கம்ப்ரசர் சும்மா சுழல்கிற பொருள் அல்ல. வெயில் நேரத்தில் முழு வேகத்தில் வேலை செய்யும்போது எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 5 குதிரைத்திறன் வரை எடுத்துக்கொள்ளும். இவ்வளவும் விரல் அகலப் பெல்ட் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஏர்கோன் அணைந்திருக்கும்போது கம்ப்ரசரின் வெளிச்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். பொத்தானை அழுத்தியதும் காந்த கிளட்ச் “டக்” என்று ஒட்டிக்கொள்ள, சுமை முழுவதும் ஒரே நொடியில் பெல்ட்டின் தலையில் விழும். அந்த நொடியில் பெல்ட் வழுக்கினால் வருவதுதான் அந்தக் கீச்சொலி.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே லியோன்ஹார்டு ஆய்லர் என்ற கணித மேதை கணக்குப் போட்டுவிட்டார். படகுத்துறையில் பார்த்திருப்பீர்கள்: கனமான படகை ஒற்றை ஆள் இழுத்து நிறுத்த முடியாது. அதே கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். உராய்வு எண் 0.3 என்று வைத்தால், அரைச்சுற்றுக்குக் கயிற்றின் ஒரு பக்க இழுவை மறுபக்கத்தைப் போல இரண்டரை மடங்கு வரை தாங்கும். முழுச்சுற்றுக்கு ஆறரை மடங்கு. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. மறுமுனையை யாராவது கொஞ்சமாவது பிடித்திருக்க வேண்டும். அவர் கையை விட்டுவிட்டால் இழுவை சுழியம். சுழியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் சுழியம்தான். பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில் அந்தக் ‘கொஞ்சம்’ இழுவையைக் குறையாமல் கொடுப்பதுதான் டென்ஷனரின் வேலை. அது தன் வேலையை விட்டால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், சூடானால் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பாகும், பளபளப்பானால் இன்னும் வழுக்கும். என் மூன்று பெல்ட்டுகளின் வரலாறு இதுதான்.

நம் தோட்டங்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. பழைய ரப்பர் ஆலைகளில் ஒரே எஞ்சின் இருக்கும். கூரைக்கு அடியில் ஒரு நீளத் தண்டு சுழலும். அதிலிருந்து இறங்கும் பட்டையான பெல்ட்டுகள் ரப்பர் அரைக்கும் உருளைகளைச் சுழற்றும். பெல்ட் தளர்ந்தால் இறுக்குவதற்கு நடுவில் ஒரு வெற்று உருளையை அழுத்தி வைப்பார்கள். காருக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

பெல்ட்டின் ரப்பருக்கும் மலாக்காவுக்கும் கூட ஒரு பழைய உறவு. மலாயாவில் வணிக நோக்கில் முதலில் ரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் தொடங்கி, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த அசகான் இன்று ஜாசின் மாவட்டத்தில் நம்மவர் பலருக்குப் பிறந்த ஊர். ஆனால் இன்றைய கார் பெல்ட்டில் மரத்துப் பால் இல்லை. எஞ்சின் அறையின் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைத்துவிடும் என்பதால், எத்திலீன், புரொப்பிலீன் வாயுக்களிலிருந்து செய்யும் செயற்கை ரப்பரையே இப்போது பயன்படுத்துகிறார்கள். நாம் வெட்டிய பால் டயருக்குப் போகிறது, பெல்ட்டுக்குப் போவதில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பழைய பெல்ட் தேய்ந்தால் விரிசல் தெரியும், கண்ணால் பார்த்து மாற்றினோம். புதிய வகை, டயரைப் போல மெதுவாகத் தேய்ந்து மெலியுமே தவிர வெடிக்காது. “விரிசலே இல்லை, பெல்ட் புதுசு மாதிரி இருக்கு” என்று பட்டறையில் சொன்னால் அது பாதிப் பேச்சுதான்.

டென்ஷனர் இரண்டு விதம். பழைய சாகா, வீரா போன்ற கார்களில் ஏர்கோனுக்குத் தனிப் பெல்ட். அதை இறுக்கும் உருளையின் நடுவில் ஒரு பூட்டு நட், பக்கத்தில் ஒரு நீள போல்ட். போல்ட்டைத் திருகினால் உருளை நகர்ந்து பெல்ட் இறுகும். புதிய கார்கள் பலவற்றில் ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. 1979இல் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த ஏற்பாடு இது. இதில் உருளை ஒரு கையில் பொருத்தப்பட்டிருக்கும். கைக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் தானாகவே அழுத்திக்கொண்டிருக்கும். யாரும் இறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்பிரிங் சோர்ந்துபோனால் யாராலும் இறுக்கவும் முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். தனிப் பெல்ட் அறுந்தால் குளிர்ச்சி போகும், வியர்வையோடு வீடு வந்து சேரலாம். ஒற்றைப் பெல்ட் கழன்றால் பேட்டரிக்கு மின்னூட்டம் நிற்கும். பல கார்களில் தண்ணீர் பம்ப் நிற்கும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கல்லாய் இறுகும். நெடுஞ்சாலையில் ஆயர் குரோவைத் தாண்டும்போது இது நடந்து, பேட்டரி விளக்கு மட்டும்தானே எரிகிறது, அடுத்த டோல் வரை போய்விடலாம் என்று நினைத்தால் எஞ்சினே வெந்துவிடும். அந்த விளக்கோடு வெப்ப முள்ளும் ஏறினால் ஓரங்கட்டி உடனே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஒரு பழைய கதை. தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்தி விற்ற முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடல். அதில் காந்த கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் தனிப் பெல்ட் உள்ள நம் பழைய கார்களுக்கு அந்த வித்தை இன்றும் உதவும். ஏர்கோன் டென்ஷனர் வழியில் இறுகிப்போய் புகை வந்தால், எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, அந்த ஒரு பெல்ட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி வீடு போகலாம். வெட்டுவது ஏர்கோன் பெல்ட்தானா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனர் ஏன் கெடுகிறது? அதன் நடுவில் ஒரு பேரிங், அதற்குள் ஆயுளுக்கும் ஒரே முறை அடைத்த கிரீஸ். எஞ்சின் சக்கரம் 140 மி.மீ., டென்ஷனர் உருளை 70 மி.மீ. விட்டம் என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது உருளை 6,000 முறை சுற்றும். ஏர்கோனை அணைத்து வைத்தாலும் சுற்றும். இதில் தோட்டச் சாலையின் செம்மண் தூசும் மழைக்காலப் பள்ளத்துத் தண்ணீரும் சேர்ந்தால் பேரிங் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கார் கழுவும் கடையில் எஞ்சின் அறைக்குள் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சச் சொல்வதும் நல்லதல்ல. அந்த அழுத்தத்துக்குப் பேரிங்கின் ரப்பர் மூடி ஈடு கொடுக்காது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஏர்கோன் போட்டதும் நீளமாகக் கீச்சிட்டால் வழுக்கல். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டால் உருளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஏர்கோன் போட்டாலும் அணைத்தாலும் “கொர கொர” என்றால் ஏதோ ஒரு பேரிங். பல வரிப் பெல்ட்டாக இருந்தால் ஒரு சோதனை உண்டு: சற்றுத் தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. கொஞ்ச நேரம் அடங்கித் திரும்பி வந்தால் உருளை கோணலாக நிற்கிறது. ஸ்பிரிங் வகையில், எஞ்சின் ஓடும்போது டென்ஷனரின் கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும், கிடுகிடுவென்று ஆடக்கூடாது. சவர்க்காரம் தேய்க்கும் நம் பழைய வைத்தியம் சத்தத்தை ஒரு நாள் மூடி வைக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனைகளின்போது தோளில் துண்டு, சேலை முந்தானை, விரித்த கூந்தல், கைச்சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா மாற்றிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறியபின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். சாவி இல்லாமலே சில கார்களில் மின்விசிறி திடீரென்று சுழலும். பெல்ட் ஓடும் பாதையை என்னைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னார். நடு நட்டைத் தளர்த்தி, நீள போல்ட்டைப் பின்னுக்குத் திருகியதும் பெல்ட் தொளதொளவென்று கையோடு வந்தது. பெல்ட் இல்லாத அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. கம்ப்ரசரின் வெளிச்சக்கரத்தையும் சுழற்றிக் காது கொடுத்தார். அது அமைதியாகச் சுற்றியது. என் பணப்பைக்கு நல்ல செய்தி.

புதிய உருளையை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, நடு நட்டை முதலில் லேசாகப் பிடிக்கவிட்டார். முழுதும் தளர்ந்திருந்தால் இறுக்கும்போது உருளை சாய்ந்துவிடுமாம். பிறகு நீள போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கட்டைவிரலால் பெல்ட்டின் நடுவை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எத்தனை மி.மீ. பதிய வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். சரியான அளவு வந்ததும் நடு நட்டை முழுதாக முறுக்கினார். சத்தம் வரக்கூடாது என்று அளவுக்கு மேல் இறுக்குகிறவர்கள் உண்டு. அந்தச் சுமை கம்ப்ரசரின் பேரிங்குக்குப் போய்ச் சேரும். சில பத்து ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை பல நூறு ரிங்கிட்டுக்கு வழி திறப்பது அப்படித்தான்.

இந்த வேலை முழுவதிலும் கேஸ் குழாய் எதையும் அவர் தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இல்லை. டென்ஷனர் மாற்றியதற்குக் கேஸ் நிரப்பினோம் என்று பில் வந்தால், எந்தக் குழாயைத் திறந்தீர்கள், ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

அலோர் காஜா மாவட்டம் பெகோவில் 2003இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹோண்டா ஆலையிலிருந்து இப்போது ஹைப்ரிட் சிட்டியும் வருகிறது. அதில் கம்ப்ரசரை மின்மோட்டார் சுழற்றுகிறது. ஏர்கோனுக்குப் பெல்ட்டே இல்லை. ஆனால் அசகானிலிருந்து மெர்லிமாவ் வரை வீட்டு வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் பெல்ட் கார்கள். அவற்றில் புதுப் பெல்ட் போட்டால் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். என்னுடையது அரைச்சுற்றுத் திருகல் கேட்டது.